செவ்வாய், புதன், வியாழன்

மதுரையில் ஒரு பள்ளியில் கவுன்சிலராக, அதாவது பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகராக, இருந்தபோது என்னிடம் டைரியே கிடையாது. அறைக் கதவு திறந்திருக்கும். பிள்ளைகள் தாமாக வருவார்கள், இல்லாவிட்டால் டீச்சர் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுப் போவார். யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பும் என் தலையில் விழும். அதற்குள் ரெண்டு அம்மாக்கள் வாசலில் நிற்பார்கள். நாள் எப்படிப் போனது என்றே தெரியாது. நிறைய வேலை பார்த்தோம் என்ற திருப்தி மட்டும் மிஞ்சும்.

அப்புறம் கணவருக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் வீடு பிடித்தோம். கோயில், பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்ததால் ஊர் மாறியது வீட்டுக்குள் அவ்வளவாக உறைக்கவில்லை. வேலைக்குப் போனபோதுதான் உறைத்தது. கணவரைச் சார்ந்து வந்தவர்களுக்குத் தரும் பாஸை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. மாண்ட் கியாரா பக்கம் ஒரு சர்வதேசப் பள்ளி எனக்கென்று வேலை அனுமதி எடுத்துக் கொடுத்த பிறகே உள்ளே போக முடிந்தது. உள்ளே போனால் இன்னொரு கதவு. மலேசியாவில் ஆலோசகர்களுக்கென்று 1998-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, சட்டம் 580. வாரியத்தில் பதிவு பெற்றவர்தான் கவுன்சிலர் என்று பெயர்ப்பலகை வைக்கலாம், அந்தத் தொழிலைச் செய்யலாம். எங்கள் பள்ளியில் அப்படிப் பதிவு பெற்றவர் கிள்ளானிலிருந்து வரும் ஓர் அக்கா. நான் ஆரம்பப் பிரிவின் மாணவர் நலன் பொறுப்பாளர். எந்தப் பிள்ளையை யார் பார்ப்பது, எப்போது, எந்தக் குழுவில், வீட்டில் யாரிடம் பேசுவது என்பதெல்லாம் என் வேலை. நட்பு, கோபம், புது ஊர்ப் பயம் போன்றவற்றுக்கான சிறு குழுக்களும் வகுப்பறைப் பாடங்களும் என் கையில். ஆழமாகப் போக வேண்டிய பிள்ளை அக்காவிடம் போகும்.

முதலில் மனசு சுணங்கியது. பத்து விரலால் செய்துகொண்டிருந்த வேலையை ரெண்டு விரலால் செய்யச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் அந்த ரெண்டு விரல் வேலையை மதுரையில் யாருமே செய்யவில்லை என்பது இங்கே வந்த பிறகுதான் புரிந்தது.

வாரத்தைப் பிரிப்பதில் தொடங்கினேன். குழுக்களைத் திங்கட்கிழமை வைத்தால் பிள்ளைகள் வார இறுதிக் கதைகளோடு வருவார்கள் என்று ஒரு கணக்கு. இந்த ஊர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சீனப் புத்தாண்டு, தைப்பூசம், கூட்டரசுப் பிரதேச தினம், நோன்புப் பெருநாள், விசாகம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று எல்லோருடைய பண்டிகைக்கும் இங்கே விடுமுறை. அது ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோலாலம்பூரில் மறுநாள் திங்களும் விடுமுறை. மாமன்னர் பிறந்தநாளோ ஜூன் முதல் திங்கள் என்றே வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, நோன்புப் பெருநாள் என்றைக்கு என்பது பிறை பார்த்து முந்தின நாள் இரவில்தான் உறுதியாகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா தொழுகைக்காகப் பள்ளி சீக்கிரம் முடிகிறது. ஒரு முழுப் பருவத்துக்கான நாட்காட்டியை விரித்து வைத்து எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் உடையாமல் நிற்பவை செவ்வாய், புதன், வியாழன். குழுக்களையும் தனிச் சந்திப்புகளையும் அந்த மூன்று நாளுக்குள் அடைத்தேன். திங்கள் வகுப்பறைப் பாடம். ஒரு வாரம் தவறினாலும் மறுவாரம் மொத்த வகுப்புக்கும் சேர்த்து எடுத்துவிடலாம். வெள்ளி எழுத்து வேலை, போன், அக்காவோடு உட்கார்ந்து பட்டியல் பார்ப்பது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இங்கே வரும் பிள்ளைகளில் பலர் ஏழு வயதுக்குள் மூன்று நாடு பார்த்தவர்கள். அப்பாவுக்கு எப்போது மாற்றல் வரும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் புதன்கிழமை பத்தரைக்கு வா என்று சொன்னால், புதன்கிழமை பத்தரைக்கு நான் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். நான் அங்கே பேசுவதைவிட அந்த நேரத்தில் அங்கே இருப்பது அதிகம் வேலை செய்கிறது என்பது என் முடிவு. இதில் அக்காவும் ஒத்துப்போகிறார். நான் படிக்கட்டில் ஓடுவதைப் பார்த்தால் நிறுத்திவிடுவார்: "ஏன்மா ஓடிக்கிட்டே இருக்கே? நீ ஓடுனா பிள்ளைங்களும் ஓடும்லா."

ஒரே பாடத்திலிருந்து ஒரு பிள்ளையை வாராவாரம் எடுக்கக் கூடாது என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. இந்த வாரம் கணக்குப் பாட நேரம் என்றால் அடுத்த வாரம் அறிவியல். விளையாட்டு, இசை வகுப்பிலிருந்து எடுப்பதே இல்லை. பள்ளியில் அந்தப் பிள்ளை சிரிக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம்.

அடுத்து வந்தது கோப்புகள். அகர வரிசையில் அடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். மலாய்ப் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, 'பின்' (மகன்), 'பிந்தி' (மகள்) என்று போட்டு அப்பா பெயர் வரும். சீனப் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் முன்னால். மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கு நடுவில் ஏ/எல் (இன்னாரின் மகன்) அல்லது ஏ/பி (இன்னாரின் மகள்). கொரியப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரு முறையில், மீதிப் பேர் மறு முறையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். என் கதை இன்னும் மோசம்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்துவிட்டதால் முதல் சில வாரங்கள் மின்னஞ்சலில் எல்லோரும் என் அப்பாவுக்குத்தான் வணக்கம் சொன்னார்கள். கடைசியில் பெயரையே விட்டுவிட்டேன். வகுப்பு, மாணவர் எண், அவ்வளவுதான். எண்ணுக்கு உரிய பெயர் எது என்ற பட்டியல் தனி அலமாரியில், பூட்டுக்குள். மேசையில் மறந்துவைத்த தாளை யாராவது பார்த்தாலும் எந்தப் பிள்ளை என்று தெரியாது. தேடி அலைந்தது ஒன்று, கிடைத்தது இரண்டு.

பூட்டு போட்ட அலமாரியைக் கேட்டு வாங்கியதுதான் இந்தப் பள்ளியில் நான் செய்த முதல் சண்டை என்று சொல்ல வேண்டும். வண்ண வண்ணப் பிளானர்களிலும் ஸ்டிக்கர்களிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கதவு உள்ள அறை, பூட்டு உள்ள அலமாரி, ஒரு கூகுள் காலண்டர், ஒரு கோடு போட்ட நோட்டு. இதற்கு மேல் வாங்குவதெல்லாம் வாங்கும் சந்தோஷத்துக்குத்தான்.

டீச்சர்களின் வாட்ஸ்அப்தான் பெரிய தலைவலி. "இவனை இப்பவே கூட்டிட்டுப் போக முடியுமா?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி வரும், பிள்ளையின் முழுப் பெயரோடு. வாட்ஸ்அப்பில் பிள்ளை பெயர் எழுதுவதில்லை என்று முதலில் ஒப்புக்கொள்ள வைத்தோம். பிறகு மூன்று கேள்வி உள்ள ஒரு படிவம்: என்ன பார்த்தீர்கள், எவ்வளவு நாளாக, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள். மூன்றாவது கேள்வியை எழுதும்போதே பாதி டீச்சர்கள் தாமே ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குத் தனிச் சீட்டு. எழுதத் தெரியாத ஆறு வயதுக்காரருக்கு அதில் முகங்களும் ஒரு கட்டமும் இருக்கும். இன்று பார்க்க வேண்டுமா, இந்த வாரம் போதுமா என்பதற்கு ஒற்றைச் சூரியன், வரிசையாக ஐந்து சூரியன். ஐந்து சூரியனைத் தொட்டவர்களுக்குக் காத்திருக்கத் தெரிகிறது என்பது எனக்கு ஆச்சரியம். பெரியவர்களில் அப்படிப் பார்த்ததில்லை.

யாரைப் பார்த்தேன், எவ்வளவு நேரம் என்று நோட்டில் குறிப்பதை ஒரு பருவம் விடாமல் செய்த பிறகு கூட்டிப் பார்த்தேன். நேரத்தில் பெரும்பங்கு சத்தம் போடும் சில பையன்களுக்குப் போயிருந்தது. வகுப்பில் வாயே திறக்காத பெண் பிள்ளைகள் பட்டியலிலேயே இல்லை. யாரும் அவர்களைப் பற்றிப் படிவம் எழுதவில்லை, ஏனென்றால் அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இப்போது பருவத்துக்கு ஒரு முறை வகுப்புப் பட்டியலை எடுத்து, ஒருவரும் பெயர் சொல்லாத பிள்ளைகளை நானாகவே மத்தியானச் சாப்பாட்டுக் குழுவுக்கு அழைக்கிறேன்.

அதே நோட்டு நிர்வாகத்திடம் பேசவும் உதவியது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்கிறது. அவருடைய நேரத்தில் 80 விழுக்காடாவது மாணவர் சார்ந்த பணிக்குப் போக வேண்டும் என்கிறது. ஆள் இல்லாத வகுப்பைப் பார்ப்பது, தேர்வு ஏற்பாடு செய்வது போன்றவை ஆலோசகர் வேலையே இல்லை என்று வெளிப்படையாகவே பட்டியல் போட்டிருக்கிறது. அது அமெரிக்கக் கணக்கு, இந்த ஊரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் என் நோட்டின் கூட்டுத்தொகையையும் அந்த 80-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, காலை பஸ் டூட்டி என்னை விட்டுப் போனது. மத்தியானக் கன்டீன் டூட்டியை நானே வைத்துக்கொண்டேன். யார் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதை எந்தப் படிவமும் சொல்லாது.

பெற்றோர் சந்திப்பை நேரம் மாற்ற வைத்தது மழை. மூன்று மணிக்கு மேல் இங்கே இடி மின்னலோடு ஊற்ற ஆரம்பித்தால் சாலை அப்படியே நின்றுவிடும். சாயங்காலம் வருகிறேன் என்று சொன்ன அப்பாக்கள் காருக்குள்ளிருந்து மன்னிப்புக் கேட்பார்கள். இப்போது சந்திப்புகள் எல்லாம் காலையில், பிள்ளையை விட வரும் நேரத்தில், கால் மணி நேரம். அதைவிட நீண்டால் வேறு நாள். புகைமூட்டக் காலம் இன்னொரு கதை. சுமத்ராவில் காடும் சதுப்பு நிலமும் எரியும் மாதங்களில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி விளையாட்டு நின்றுவிடும். மைதானத்தில் ஓட வேண்டிய பிள்ளைகள் வகுப்புக்குள் அடைந்து கிடந்தால் இரண்டாவது நாளே சண்டை. அதற்கென்று ஒரு பெட்டி தயாராக இருக்கிறது: தாயக்கட்டை, பல்லாங்குழி. பல்லாங்குழிக்கு மலாய்ப் பிள்ளைகளிடம் அறிமுகமே தேவைப்படவில்லை. அவர்கள் வீட்டில் அது சொங்காக்.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் காலண்டர் கிடையாது. ஒரு பிள்ளை தனக்கு நடந்த தீங்கைச் சொன்னால் அன்றைக்கு மற்ற எல்லாம் நிற்கும். இந்தியாவில் 2012-இன் போக்சோ சட்டம் போலவே, இங்கே 2017-இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டத்திலும் தெரிந்தும் போலீசுக்குத் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே, நேரம் போட்டு, என் கருத்தைச் சேர்க்காமல் எழுதி அக்காவிடமும் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும் கொடுக்க வேண்டும். அலமாரிக் கதவின் உட்பக்கம் 15999 என்ற எண்ணை, 'தாலியான் காசிஹ்' என்ற அரசு உதவித் தொலைபேசியின் எண்ணை, ஒட்டிவைத்திருக்கிறேன். சந்திப்பு ஒவ்வொன்றுக்கும் பிறகு ஐந்து நிமிடம் காலியாக விட்டு அப்போதே குறிப்பு எழுதும் பழக்கமும் இதற்காகத்தான் வந்தது. சாயங்காலம் எழுதினால் பிள்ளை சொன்னதும் நான் நினைத்ததும் கலந்துவிடும்.

எங்கள் மேல்மாடியில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை இருக்கிறார். 150-க்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளி; அத்தகைய தமிழ்ப்பள்ளிகள் இந்த நாட்டில் நிறைய. சோறு ஊட்டுவதிலிருந்து அழுகை துடைப்பது வரை வகுப்பாசிரியர்தான். என் சூரியன் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டு வாங்கினார். மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தே தாரிக்கை (ஆற்றிய பால் டீ) வைத்துக்கொண்டு இருவரும் அதைத் தமிழில் எழுதினோம். "எங்க பிள்ளைங்க அஞ்சு சூரியன் எல்லாம் காத்திருக்க மாட்டாங்க டீச்சர், மூணு போதும்" என்று அவரே குறைத்தார். சரி, அவர் பிள்ளைகளை அவருக்குத்தான் தெரியும்.

எங்கள் பள்ளியில் கல்வியாண்டு ஜூன் கடைசியில் முடிகிறது. மே மாதமே யார் யார் ஊரை விட்டுப் போகிறார்கள் என்ற பட்டியலை அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுவேன். கடைசி நான்கு வாரம் புதுக் குழு எதுவும் தொடங்குவதில்லை. போகும் பிள்ளைக்கு விடைபெற நேரம் வேண்டும், பெற்றோர் சம்மதித்தால் அடுத்த பள்ளிக்கு ஒரு கடிதமும் வேண்டும். போகிறவர்களுக்குக் கேக், கையெழுத்து போட்ட டீ-ஷர்ட், அழுகை, போட்டோ எல்லாம் கிடைக்கிறது. இருப்பவர்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள், குறிப்பாக நம் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், ஆண்டுதோறும் தங்கள் நெருங்கிய நண்பரை விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டு அதே வகுப்புக்குத் திரும்புகிறார்கள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் இனிமேல் ஜப்பான்காரனோடு நண்பனாக மாட்டேன் என்றான், அவர்கள் மூன்று வருடத்தில் போய்விடுவார்களாம். ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் முதல் செவ்வாய்க்கிழமைக் குழு இவர்களுக்குத்தான். புதிதாக வந்தவர்களை வரவேற்க முதல்வரிலிருந்து பெற்றோர் சங்கம் வரை ஆள் இருக்கிறார்கள். அவர்களின் குழு இரண்டாம் வாரம் தொடங்கினால் போதும்.