போர்டில் கடைசி, வண்டியில் முதல்!

ஊர் சுற்றிய கதை, லாட்ஜ், செலவுக் கணக்கு எல்லாம் அப்புறம். நேற்று ராத்திரி ஸ்டேஷனில் நடந்த கூத்தை முதலில் கொட்டிவிடுகிறேன்.

பிளாட்பார டிஸ்ப்ளேயில் எங்கள் பெட்டி கடைசியில் நிற்கும் என்று போட்டிருந்தது. மூட்டை முடிச்சோடு ஒரு கூட்டமே அங்கே போய் நின்றோம். வண்டி உள்ளே நுழைகிறது, எங்கள் பெட்டி எஞ்சினை ஒட்டி ஹாயாகத் தாண்டிப் போகிறது! மாற்றுப்பாதையில் திருப்பிவிட்டதில் பெட்டி வரிசை தலைகீழ். போர்டை யாரும் மாற்றவில்லை. 24 பெட்டி என்றால் அரை கிலோமீட்டருக்கு மேல், நிற்பதோ இரண்டு நிமிடம். நாங்கள் முன்னால் ஓட, முன்னால் இருந்தவர்கள் பின்னால் ஓடிவர, நடுவில் யாருடைய டிராலி சக்கரமோ கழன்று தனியாக உருண்டது. போர்ட்டர் கேட்டது டிக்கெட்டில் பாதி. போங்கப்பா என்று நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். விளம்பரத் திரை மட்டும் ஒரு நொடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கிளம்ப ஏழு நிமிடமாகிவிட்டது. "அஞ்சு நிமிஷம்தானே, ஓட்டிப் பிடிச்சிருவாங்க சார்" என்றார் எதிர் சீட்டுக்காரர். பிடிக்கலாம், சும்மா வருமா? நேரத்துக்குக் கிளம்பிய வண்டி என்றால், லோகோ பைலட் அடுத்த ஸ்டேஷனுக்கு வெகு முன்பே பவரை நிறுத்தி அதன் போக்கில் உருளவிடலாம். கரண்ட் மிச்சமாவது அங்கேதான். லேட்டான வண்டிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கடைசிவரை இழுத்துப் போய் பிரேக் அடிக்க வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்துக்குப் பதில் 110-ஐத் தொட்டால் இயக்க ஆற்றல் 21 சதவீதம் கூடுதல். பிரேக் போடும்போது அதில் ஒரு பங்கைத்தான் மின்கம்பிக்குத் திருப்ப முடியும், அதுவும் அந்த வசதியுள்ள எஞ்சினில். பின்னால் வந்த வண்டி எங்களால் சிக்னலில் நின்றிருந்தால் அதுவும் முதலிலிருந்து வேகமெடுக்க வேண்டும். இத்தனைக்கும் மூலம் ஒரு தப்பான போர்டு!

நெதர்லாந்தின் டென் பாஸ் ஸ்டேஷனில் பிளாட்பாரத்துக்கு மேலே 180 மீட்டருக்கு எல்இடி பட்டை மாட்டிச் சோதித்தார்கள். கதவு எங்கே வரும், எந்தப் பெட்டியில் இடமிருக்கிறது என்று வண்டி வருமுன்பே காட்டியது. ஜப்பானில் தரையிலேயே கதவுக்கு நேராகக் கோடு, ஜனங்கள் அதில் வரிசையாக நிற்பார்கள். பெயின்ட் செலவுதான். கோடு போட்ட இடத்தில் வண்டி நிற்க வேண்டும், அதுதான் விஷயம்.

அடுத்து போகிறவர்களுக்கு ஒன்று: வண்டி மாற்றுப்பாதையில் வருவதாக அறிவித்தால், பிளாட்பாரத்தின் நடுவில் நில்லுங்கள். ஓடினாலும் பாதி தூரம்தான்.