யார் முறை? ஒரு வான்கோழி வேட்டைக்காலத்தின் நாட்குறிப்பு

ஏப்ரல் 18, 2025, வெள்ளி

வரும் திங்கட்கிழமை இங்கே அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வசந்தகால வான்கோழி வேட்டை தொடங்குகிறது. மூன்று வாரங்கள்தான் காலம். ஒருவர் இரண்டு பறவைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. அதிலும் முதல் வாரத்தில் ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பெரியவரோடு நான் காட்டுக்குப் போகும் மூன்றாவது ஆண்டு இது. துப்பாக்கியைத் தூக்கும் முறை முதல் சிலேட்டுத் துண்டில் குச்சியை உரசிப் பெட்டையின் குரலை எழுப்பும் வித்தை வரை எனக்குத் தெரிந்த எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தவை.

இன்று மாலை அவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இந்த ஆண்டுக்கான ஏற்பாடுகளைப் பேசி முடித்தோம். அவரிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. 1974 முதல் அவரும் அவருடைய துணைகளும் எடுத்த ஒவ்வொரு பறவைக்கும் அதில் ஒரு வரி உண்டு. அந்த வரியில் கண்டவர், அழைத்தவர், சுட்டவர் என்று மூன்று கட்டங்கள். எடையும் தாடியின் (சேவலின் மார்பிலிருந்து தொங்கும் முடி போன்ற இறகுக் கற்றை) நீளமும் ஓரத்தில் பொடி எழுத்தில்தான் இருக்கின்றன. வான்கோழி வேட்டையில் சுடுவது ஒரு நொடி வேலை. பறவை எந்த மரத்தில் அடைகிறது என்று வாரக்கணக்கில் காது கொடுத்துக் கண்டுபிடிப்பதும், விடியற்காலையில் அதைப் பேச்சுக்கு இழுத்து நாற்பது கஜத்துக்குள் கொண்டுவருவதும்தான் உண்மையான உழைப்பு என்பதால், சுட்டவர் பெயரை மட்டும் எழுதுவது நியாயமாகாது என்று அவருடைய தந்தை சொல்வாராம். அந்தத் தலைமுறைக்கு ஒரு பறவையின் அருமை தெரிந்திருந்தது. 1950களின் தொடக்கத்தில் இந்த மாநிலம் முழுவதிலும் ஏறத்தாழ 2,500 காட்டு வான்கோழிகளே எஞ்சியிருந்தன. பீரங்கி வலை (வெடிமருந்தால் பறவைக் கூட்டத்தின் மேல் எறியப்படும் வலை) வீசிப் பிடித்து, வேறு மாவட்டங்களில் கொண்டுபோய் விட்டு, அவற்றைப் பெருக்கினார்கள். 1960இல் வேட்டை மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, பதினான்கு மாவட்டங்களில் மூன்று நாட்களில் மொத்தம் கிடைத்தவை 94 பறவைகள்தாம். அந்த மூன்று நாட்களும் காட்டில் இருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களில் அவருடைய தந்தையும் ஒருவர்.

யார் எப்போது சுடுவது என்ற முறை விஷயத்தில் ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது. சென்ற ஆண்டின் கடைசிப் பறவையை அவர் அழைக்க நான் எடுத்தேன் என்பதால் இந்த ஆண்டு முதல் முறை அவருடையது. அதில் எனக்கு மறுப்பில்லை. குறி தவறினாலும் முறை முடிந்ததாகவே கொள்ள வேண்டும் என்றார் அவர். தவறிய குறிக்கு ஒருவரைத் தண்டிப்பது சரியில்லை என்றேன் நான். தவறியது சுட்டவருடைய பொறுப்பு, அதற்காக அழைத்தவர் மறுபடியும் காத்திருக்க வேண்டுமா என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஒருவர் காட்டிய இடத்துக்கு மற்றவர் தனியாகவோ வேறொருவரோடோ போகக் கூடாது என்பது பழைய ஒப்பந்தம். அதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 20, 2025, ஞாயிறு

ஈஸ்டர் விருந்து முடிந்து பெரியவர் குடும்பத்தோடு இருந்ததால் மாலையில் நான் மட்டும் போனேன். ரோலா நகருக்குத் தெற்கே, மார்க் ட்வெய்ன் தேசியக் காட்டில், ஒரு பழைய மரவண்டிப் பாதை முகட்டின் மேல் ஓடுகிறது. கோழி அடையும் நேரத்தில் அங்கே நின்று ஆந்தையைப் போல ஒருமுறை குரல் கொடுத்தேன். மேற்குப் பள்ளத்திலிருந்த ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து சேவல் முழங்கியது. சற்றுப் பொறுத்து மீண்டும் ஒருமுறை. போதும் என்று வந்த வழியே திரும்பிவிட்டேன்.

வீடு திரும்பியதும் பெரியவரிடம் சொன்னேன். நீ கண்ட பறவை, வேண்டுமானால் நீயே எடு என்றார். நாவின் நுனி வரை ஆசை வந்தது. முறை உங்களுடையது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 21, 2025, திங்கள்

நான்கரை மணிக்கே போய்விட்டோம். ஆனால் பாதை முனையில் வண்டி நிறுத்தும் சிறு இடத்தில் எங்களுக்கு முன்பே ஒரு பிக்கப் நின்றது. பொதுக்காடு யாருக்கும் சொந்தமில்லை. அந்த முகடு பெரியது. நேற்று மாலை பறவையைக் கண்டுபிடித்தவன் நான். இந்த மூன்று நியாயங்களும் ஒரு கணத்தில் என் மனத்தில் வரிசையாக வந்தன. பெரியவர் வண்டியை நிறுத்தவே இல்லை. முதலில் வந்தவருக்கு அந்தக் காலை சொந்தம் என்றார். இருட்டில் ஒருவர் பெட்டையைப் போல அழைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதே பள்ளத்துக்குள் நுழைவது அவருடைய வேட்டையைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, உயிருக்கும் ஆபத்து. பத்து மைல் தள்ளி வேறொரு பள்ளத்துக்குப் போய் மதியம் ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். பொதுநிலத்தில் அதற்கு மேல் வேட்டையாடக் கூடாது. உண்ணிகள்தான் எங்களைத் தேடி வந்தன.

ஏப்ரல் 26, 2025, சனி

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்க விரும்புகிறேன்.

மேற்குப் பள்ளத்துச் சேவல் அதே மரத்தில்தான் அடைந்திருந்தது. இயல்பில் சேவல் முழங்கினால் பெட்டைதான் அதைத் தேடிப் போகும். அதனால் அழைக்கும் குரலை நோக்கி வரும் சேவல் பல சமயம் அறுபது எழுபது கஜத்தில் நின்று, பெட்டை தன்னிடம் வரட்டும் என்று காத்திருக்கும். அது நிற்கும் இடம் சுடுபவருக்கு எட்டும் தூரத்தில் அமைய வேண்டும் என்பதற்காக, பெரியவர் முகட்டின் விளிம்பில் மேற்கு நோக்கி உட்கார்ந்தார். நான் முப்பத்தைந்து கஜம் பின்னால் ஓர் அகன்ற ஹிக்கரி மரத்தில் சாய்ந்துகொண்டு சிலேட்டை உரசினேன். என் துப்பாக்கி மடியில் இருந்தது. அதில் தோட்டாவும் இருந்தது.

சேவல் இறங்கியது, முழங்கியது, பிறகு அடங்கிவிட்டது. இருபது நிமிடம் எந்தச் சத்தமும் இல்லை. திடீரென்று என் வலப்பக்கம், வடக்கே, மரவண்டிப் பாதையின் மேல், வாலை விரித்து நிற்கும் சேவல் எழுப்பும் அந்த மெல்லிய முரசொலி கேட்டது. பெரியவரைச் சுற்றிக்கொண்டு அது நேராக என்னிடம் வந்திருந்தது. வால் விசிறியை விரித்து, தலை வெளுத்து, கழுத்து சிவந்து, இருபத்தைந்து கஜத்தில் நின்றது. அங்கிருந்து அதைப் பெரியவர் பார்க்க வழியில்லை என்று எண்ணினேன். நான் அசைந்தால் போய்விடும், சுடாவிட்டாலும் இன்னும் சில நொடிகளில் என்னைக் கண்டுகொண்டு போய்விடும் என்று எண்ணினேன். சுட்டேன்.

பெரியவர் வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார், நல்ல பறவை என்றார். அனுமதிச் சீட்டில் மாதத்தையும் தேதியையும் குறித்தேன். அவர் தன் பையிலிருந்து ஆரஞ்சுத் துணியை எடுத்துப் பறவையைச் சுற்றிக் கட்டினார். இறந்த சேவலின் தலையையும் இறகையும் வெறுமனே தோளில் போட்டுக்கொண்டு யாரும் காட்டில் நடக்கக் கூடாது. இருபத்தொரு பவுண்டு எடை, பத்து அங்குலத் தாடி, கால்முள் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு

இரவெல்லாம் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். சட்டப்படி நான் செய்ததில் குற்றமில்லை: என் அனுமதி, என் பறவை, இரவு பத்து மணிக்குள் என் பெயரிலேயே பதிவும் செய்துவிட்டேன். அதை அவர் அனுமதியில் சேர்த்துவிடலாமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஒருவர் சுட்டதை இன்னொருவர் கணக்கில் எழுதுவது சட்டவிரோதம். அது மட்டுமல்ல, தான் எடுக்காத பறவையைப் பெற்றுக்கொள்ளச் சொல்வது அவரை அவமதிப்பதும் ஆகும். பேசாத ஒன்றை நான் மீறியதாகச் சொல்ல முடியுமா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. அழைப்பவர் பக்கம் பறவை வந்துவிட்டால் என்ன செய்வது என்று மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட நாங்கள் பேசியதில்லை.

மதியம் மார்புக்கறியில் பாதியையும் இரண்டு தொடைகளையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தொடைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைத்தால்தான் அவை மென்மையாகும், அவருடைய மனைவிக்கு அது கைவந்தது. முறை தவறிச் சுட்டதற்கு வருந்துகிறேன் என்று நேரடியாகச் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: “நீ சுட்டபோது நான் எங்கே இருந்தேன்?”

முகட்டின் விளிம்பில், மரத்தடியில் என்றேன்.

இல்லை என்றார். முரசொலி அவருக்கும் கேட்டிருக்கிறது. பறவை வடக்கே சுற்றிப் போய்விட்டது என்று புரிந்துகொண்டு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பதினைந்து அடி வடக்கே தவழ்ந்து, மற்றொரு மரத்தை எட்டப்போகும் நேரத்தில்தான் என் துப்பாக்கி வெடித்திருக்கிறது. குண்டுகள் அவர் பக்கம் வரவில்லை. ஆனால் நான் மனத்தில் வைத்திருந்த இடத்தில் அவர் இல்லை. நான் பாதுகாப்பானது என்று கணக்குப் போட்ட கோணம் நான் நினைத்ததைவிட மிகவும் குறுகலாக இருந்தது.

முன்பின் தெரியாத வேட்டைக்காரர் ஒருவர் அருகில் இருக்கிறார் என்றால் அசையவே மாட்டேன் என்றார். சேவலின் தலையில் இருக்கும் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்களில் எதையும் காட்டில் உடுத்தாமல் இத்தனை ஆண்டுகள் காத்துக்கொண்டவர் அவர். நேற்று அவர் அசைந்ததற்கு ஒரே காரணம், அந்தக் காலையில் அந்த முகட்டில் சுடப்போகும் துப்பாக்கி தன்னுடையது ஒன்றுதான் என்று நம்பியதுதான். முறை என்பதைப் பறவையைப் பங்கு போடும் கணக்கு என்று மட்டுமே இதுவரை நினைத்திருந்தேன். எந்தத் திசையிலிருந்து வெடி வரும், எந்தத் திசையிலிருந்து வராது என்று இருவர் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கும் அதுதான் என்பது அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. என் கைகள் நடுங்கின. அவர் காபியை என் பக்கம் நகர்த்திவிட்டு, தானும் தவழ்ந்திருக்கக் கூடாது, பழக்கத்தில் செய்துவிட்டேன் என்றார். அது அவருடைய பெருந்தன்மை. தவறைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள நான் சம்மதிக்கவில்லை.

புதிதாகப் பேசி முடிவு செய்தவை இவை. அழைப்பவரின் துப்பாக்கியில் தோட்டா இருக்காது. சுடுபவர் இடம் மாறுவதாக இருந்தால், பறவை ஓடினாலும் பரவாயில்லை, வாய்விட்டுச் சொல்லிவிட்டே நகர வேண்டும். முடிந்தவரை ஒரே மரத்தடியில் தோளோடு தோள் சேர உட்கார்ந்து, இடப்பாதி ஒருவருக்கு, வலப்பாதி மற்றவருக்கு என்று கண்காணிப்பது. இந்தக் காலம் முடியும் வரை நான் துப்பாக்கியே கொண்டுவரப் போவதில்லை என்றேன். அவ்வளவு தேவையில்லை என்றார் அவர். எனக்குத் தேவைப்பட்டது.

நோட்டைத் திறந்து நேற்றைய தேதியை மட்டும் எழுதி, கட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டார்.

ஏப்ரல் 30, 2025, புதன்

அலுவலக நண்பர் ஒருவர் பறவையின் படத்தைப் பார்த்துவிட்டு அந்த இடத்துக்குத் தன்னை அழைத்துப் போகச் சொன்னார். பொதுக்காடுதானே என்றார். உண்மைதான், அங்கே போக அவருக்கு என்னளவு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பாதையை எனக்குக் காட்டியவர் பெரியவர். கற்றுக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன், நாம் இருவரும் சேர்ந்து புதிதாக ஓர் இடம் தேடுவோம் என்றேன். அவருக்குச் சற்று மனத்தாங்கல். இடம் இல்லாத படத்தைத்தான் இனி யாருக்கும் அனுப்ப வேண்டும்; பின்னணியில் தெரியும் ஒரு பாறையே போதும், தெரிந்தவருக்கு முகடு தெரிந்துவிடும்.

மே 3, 2025, சனி

நான் அழைத்தேன், அவர் உட்கார்ந்திருந்தார், இருவரும் ஒரே மரத்தடியில். சேவல் பெட்டைகளோடு போய்விட்டது. எட்டு மணிக்கு ஓர் இளஞ்சேவல் வந்தது. விசிறியின் நடு இறகுகள் மட்டும் நீண்டு, வயது ஓர் ஆண்டு என்று சொல்லாமல் சொன்னது. பெரியவர் துப்பாக்கியைத் தூக்கவில்லை. சுடுவதும் விடுவதும் முறைக்காரருடைய முடிவு என்பதால் நான் எதுவும் கேட்கவில்லை.

மே 10, 2025, சனி

இந்த நேரத்தில் பெட்டைகள் பத்துப் பன்னிரண்டு முட்டைகளின் மேல் இருபத்தெட்டு நாள் அடைகாக்க உட்கார்ந்துவிடுவதால், காலை ஒன்பது மணிக்குமேல் சேவல்கள் துணையின்றி அலையும். பெரியவர் சென்ற வாரம் கண்டுவைத்த கிழக்குச் சரிவில் அந்த நேரத்துக்காகக் காத்திருந்தோம். ஒன்பதரைக்கு என் சிலேட்டுக்கு ஒரு சேவல் பதில் சொன்னது. முதலில் அது என் பாதியில், இடப்பக்கம் வெளிப்பட்டது. அவர் துப்பாக்கியைத் திருப்பினால் பார்த்துவிடும். குச்சியைக் கீழே வைத்து அழைப்பதை நிறுத்தினேன். தேடும் குரல் அடங்கினால் சில சேவல்கள் தாமாகவே நகர்ந்து தேடும். நான்கு நிமிடமோ ஐந்து நிமிடமோ, அது ஒரு பெரிய ஓக் மரத்துக்குப் பின்னால் போனது. இடம், முப்பது கஜம், மரத்துக்கு வலப்பக்கம் வரும் என்று மெல்லச் சொன்னேன். அவர் திரும்பிக் காத்திருந்தார். அது வந்தது.

அவர் வீட்டு மேசையில் நோட்டு திறந்தது. கண்டவர் என்பதில் தன் பெயரையும், அழைத்தவர் என்பதில் என் பெயரையும், சுட்டவர் என்பதில் தன் பெயரையும் எழுதினார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, ஏப்ரல் 26 வரியைக் காட்டிப் பேனாவைக் கொடுத்தார். கண்டவர், அழைத்தவர், சுட்டவர் ஆகிய மூன்று கட்டங்களிலும் என் பெயர்தான் வர வேண்டும், எழுதினேன். ஓரத்தில், எடை எழுதும் இடத்தில், “முறை: அவருடையது” என்று சேர்த்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துப் பார்த்து, கீழே எடையையும் எழுதச் சொன்னார்.

நாளையோடு காலம் முடிகிறது. அன்னையர் தினம் என்பதால் இருவரும் போகப்போவதில்லை.