நீல அச்சில் ஒரு வேப்பங்கொத்து

பல்கலைக்கழகத்தில் புகைப்படத்தை ஒரு கலையாகப் பயிலத் தொடங்கிய பிறகுதான், கேமரா இல்லாமலும் படம் எடுக்கலாம் என்பதை அறிந்தேன். 1842-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப் என்னும் நீல அச்சு முறையில், இரண்டு இரும்பு உப்புகளின் கரைசலைக் கலந்து தாளில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். விடுமுறையில் கடலூர் முதுநகர் வீட்டு மொட்டைமாடியில், அத்தகைய தாளின்மேல் வேப்பங்கொத்து ஒன்றை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, உச்சி வெயிலில் காட்டினேன். தண்ணீரில் அலசியதும் வெயில் படாத இடத்தின் மஞ்சள் நிறப் பூச்சு கரைந்து, வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாகி, இலைகளின் அரம் போன்ற விளிம்புகள் வெள்ளையாகத் தெளிந்தன. கண்ணாடிக்கு வெளியே நீண்டு, கடற்காற்றில் அசைந்த நுனி இலை மட்டும் மங்கலாக விழுந்திருந்தது. அந்த மங்கலைப் பிழையென ஒதுக்காமல் காற்றின் பதிவாகப் பார்க்கச் சொன்ன பேராசிரியரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன். அடுத்து, தேவனாம்பட்டினம் கடற்கரையில் படரும் அடப்பங்கொடியை அச்சிட இருக்கிறேன்.