கிருஷ்ணகிரியில் ஒரு பழைய மசராட்டி: வாங்கும் முன், வாங்கிய பின்

பெங்களூரு செகண்ட் ஹேண்ட் சந்தையில் மசராட்டி கிரான்டூரிஸ்மோ அவ்வப்போது கண்ணில் படுகிறது. 2007 ஜெனீவா கண்காட்சியில் வெளிவந்து 2019 வரை தயாரான இரண்டு கதவு வண்டி. இத்தாலிய டிசைன் நிறுவனம் பினின்ஃபரீனா வரைந்த உடம்பு, மரனெல்லோவில் ஃபெராரி ஆலையில் கட்டிய வி8 எஞ்சின், பின்னால் பெரியவர்கள் இருவர் நிஜமாகவே உட்காரலாம். விலை பல மடங்கு இறங்கிவிட்டதைப் பார்த்து, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலும் ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசைப்பட வேண்டிய வண்டிதான். ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டும். ஸ்பேர் விலை புது வண்டிக்கு என்ன இருந்ததோ அதேதான் இன்றும்.

விசாரிக்கிற எல்லோரும் எஞ்சினைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயிலை நேரத்துக்கு மாற்றிய எஞ்சின் நீண்ட நாள் உழைக்கும். காசைத் தின்பது வேறு: ரப்பர் புஷ், ஆயில் சீல், கிளட்ச், பேட்டரி, அப்புறம் நம் ஊர் வெயில்.

முதலில் எந்த வண்டி என்று முடிவு செய்ய வேண்டும். 2007-இல் வந்தது 4,244 சிசி, 405 குதிரைத்திறன், ஜெர்மன் நிறுவனமான இசட்.எஃப் செய்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக். 2008-இல் வந்த எஸ் மாடல் 4,691 சிசி, 440 குதிரைத்திறன். அதில் கியர் பாக்ஸ் பின் ஆக்ஸிலோடு சேர்ந்திருக்கும், கிளட்சை ஹைட்ராலிக் பம்ப்தான் அழுத்தும். 2009-இல் அதே 4.7 லிட்டர் எஞ்சினோடு ஆட்டோமேட்டிக்கும் வந்துவிட்டது. நம் பக்கத்துக்கு ஆட்டோமேட்டிக்கைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எஸ் மாடலில் இருக்கும், கிளட்சைத் தானே அழுத்தும் அந்த ரோபோ கியர் பாக்ஸ் திறந்த ரோட்டில் அருமையாக இருக்கும். ஆனால் பெங்களூரு நெரிசலில் அத்திப்பள்ளியிலிருந்து சில்க் போர்டு வரை ஊர்ந்து போனால் ஒவ்வொரு அடிக்கும் கிளட்ச் பாதி பிடித்துத் தேயும். மேட்டில் ரிவர்ஸ் எடுத்தால் இன்னும் மோசம். அந்த மாடல்தான் வேண்டும் என்றால், கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்பதை ஸ்கேனரில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். பம்ப் அடிக்கடி ஓடி ஓடி நின்றால் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் அக்யூமுலேட்டர் தளர்ந்திருக்கலாம். கியரே விழவில்லை என்றால் முதலில் பம்ப் ரிலேயை மாற்றிப் பாருங்கள். சின்ன விலை ரிலே ஒன்று பெரிய விலை பம்பை எரித்துவிடும்.

ஆட்டோமேட்டிக்கில் இருப்பது இசட்.எஃப் 6எச்பி26. பிஎம்டபிள்யூ, ஜாகுவார் வண்டிகளிலும் இதே குடும்பம்தான் என்பதால், பெங்களூருவில் அந்த வண்டிகளைப் பார்க்கும் கியர் பாக்ஸ் மெக்கானிக் இதையும் பார்ப்பார். 'ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இசட்.எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. நாம் பார்க்கும் வண்டிகளில் கிலோமீட்டர் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் எட்டு வருடம் எப்போதோ தாண்டியிருக்கும். ஃபில்டர் பெரும்பாலும் ஆயில் பானோடு ஒன்றாகவே வரும். சேஸிஸ் நம்பர் கொடுத்துச் சரியான ஆயில் பானாகப் பார்த்து வரவழையுங்கள். கையோடு மெகட்ரானிக் (கியர் பாக்ஸுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி) கனெக்டர் ஸ்லீவையும் மாற்றிவிடுங்கள், வழக்கமான ஆயில் கசிவு அங்கேதான். அளவு பார்க்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆயில் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாத மதியத்தில், ஓட்டி முடித்த வண்டியில் அளவு பார்த்தால் ஆயில் விரிந்திருக்கும், குறைவாக நிரப்பிவிடுவோம். காலையில் செய்யுங்கள். நிற்கப் போகும்போது 2-லிருந்து 1-க்கு இறங்கையில் பின்னால் இடிக்கிறதா, மெதுவாக மிதித்துச் சீராகப் போகையில் கார் நடுங்குகிறதா என்பதை ஓட்டிப் பார்க்கும்போதே கவனித்துவிட வேண்டும்.

இனி காகிதம். வண்டியை லிஃப்டில் ஏற்றும் முன் இதைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை இந்தியாவுக்கு இறக்குமதி செய்ய அனுமதி இல்லை. அதனால் வெளிநாட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிடலாம், இங்கே இருப்பதில்தான் தேட வேண்டும். இங்கே இருப்பதிலும் சுங்க வரி கட்டியதற்கான பில் ஆஃப் என்ட்ரி நகல் இல்லாத வண்டியைத் தொடவே கூடாது. சேஸிஸ் நம்பர் இசட்.ஏ.எம் என்று தொடங்கும்; ஆர்.சி., பில், வண்டி மூன்றிலும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கர்நாடக வண்டி என்றால் அங்கே ஃபார்ம் 28-இல் என்.ஓ.சி., இங்கே பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30, புது நம்பருக்கு ஃபார்ம் 27. லோன் இருந்தால் ஃபார்ம் 35-ம் வங்கிக் கடிதமும் வேண்டும். தமிழ்நாட்டில் புது காருக்கு 20 லட்சத்துக்கு மேல் வாழ்நாள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்குத் தக்கபடி குறையும், கணக்கு அசல் விலையை வைத்துத்தான். கிருஷ்ணகிரி டி.என். 24, தர்மபுரி டி.என். 29, ஓசூர் டி.என். 70: உங்கள் ஆபீஸில் தொகையை முன்கூட்டியே கேட்டு, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. முதல் பதிவிலிருந்து 15 வருடம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். சாதாரண காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 2022 ஏப்ரலிலிருந்து 40,000. இருபது வருடம் தாண்டினால் 2025-இல் வந்த விதிப்படி 80,000. 2010, 2011 வண்டிகள் இப்போது சரியாக அந்த 15 வருட வாசலில்தான் நிற்கின்றன. விற்கிறவர் புதுப்பித்துக் கொடுக்கிறாரா, உங்கள் தலையில் விழுகிறதா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் பேசி முடியுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, எஞ்சின் சில்லென்று இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும் முன்னே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை வருகிறேன் என்று திரும்பிவிடலாம். ஸ்டார்ட் செய்த ஓரிரு நொடி முன்பக்கம் கரகரத்து அடங்கினால் பெரிதில்லை. அடங்காமல் தொடர்ந்தால் வேரியேட்டர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) அல்லது செயின் பக்கம் செலவு இருக்கிறது. எட்டு பிளக், எட்டு காயில். கேம் கவர் கேஸ்கெட் கசிந்தால் பிளக் குழியில் ஆயில் இறங்கி மிஸ்ஃபயர் ஆகும். காயிலை மட்டும் மாற்றிவிட்டு 'சரியாகிவிட்டது' என்று விற்பார்கள். ஒரு காயிலையாவது கழற்றிக் குழியைப் பாருங்கள். வாட்டர் பம்ப் அடியில் காய்ந்த கூலண்ட் கறையும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

லிஃப்டில் ஏற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது முன் லோயர் ஆர்ம், அதாவது முன் சக்கரத்தை அடியில் தாங்கும் கை. இந்த வண்டியின் பலவீனமே அதுதான். 1,880 கிலோ எடை, முன்னால் பெரிய வி8, நம் ஸ்பீட் பிரேக்கர். புஷ் கிழியும், பால் ஜாயிண்ட் ஆடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரியும். கம்பெனி முழு ஆர்மாகத்தான் கொடுக்கும். புஷ்ஷும் பால் ஜாயிண்ட்டும் தனியாக அழுத்திப் போடும் மாற்று ஸ்பேர்கள் வெளிநாட்டில் கிடைக்கின்றன, நல்ல பிரஸ் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் போட்டுக்கொள்ளலாம். போட்ட பிறகு வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் ரப்பர் புஷ் போல்ட்டை இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்கைஹுக் என்ற எலக்ட்ரானிக் ஷாக் அப்சார்பர் இருக்கும் வண்டியில் நான்கிலும் கசிவு பாருங்கள். அது போனால் புஷ் செலவெல்லாம் சின்னதாகத் தெரியும். டயர் 19 அங்குலம் என்றால் முன்னே 245/40, பின்னே 285/40. 20 என்றால் முன்னே 245/35, பின்னே 285/35. டயர் பட்டன் (தரையைப் பிடிக்கும் வெட்டு) நன்றாக இருந்தாலும் தயாரிப்புத் தேதி ஆறு வருடம் தாண்டியிருந்தால் நான்கு டயர் விலையையும் கழித்துப் பேசுங்கள்.

உள்ளே, ஏசி சுவிட்சுகள் கையில் பிசுபிசு என்று ஒட்டும். அந்தக் கால இத்தாலிய வண்டிகளில் பூசிய மென்பூச்சு வெயிலில் இளகுவதுதான் காரணம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துப் பொறுமையாகத் துடைத்தால் பூச்சு முழுக்க வந்துவிடும், எழுத்து அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டேஷ்போர்டு தோல் முன்கண்ணாடி ஓரத்தில் சுருங்கித் தூக்கியிருந்தால், அந்த வண்டி வருடக்கணக்கில் வெயிலில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட வண்டியில் வெளியே தெரியாத ரப்பரும் அதே நிலையில்தான் இருக்கும்.

வாங்கிய பிறகு, கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய இந்த இரண்டு மாவட்டத்துக்கே உரிய சில விஷயங்கள். போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. ஃப்ளோரைடும் உப்பும் கலந்த நம் நிலத்தடி நீர் அலுமினியத்துக்கு எதிரி. டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிப் பாதி. கழுவவும் அதே நீர்தான் என்றால், காய விடாமல் உடனே துடைக்க வேண்டும். கறுப்பு பெயிண்டில் உப்புப் புள்ளி விழுந்தால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். கிரானைட் தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் தொடாதீர்கள், நிறையத் தண்ணீர் விட்டு இறக்கிவிட்டுத் துணி போடுங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அதே தூசியும் இலையும் அடைத்துக்கொள்ளும், வருடத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யாவிட்டால் ஏப்ரலில் சூடு ஏறும்.

பெட்ரோல் 95 ஆக்டேனுக்குக் குறையக் கூடாது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்காகக் கட்டிய வண்டி இல்லை இது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸை ஊற வைக்கும். பெட்ரோல் வாசனை கொஞ்சம் வந்தாலும் ஓட்டாமல் ஹோஸைப் பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், உள்ளே காற்று குறைவாக இருந்தால் ஈரமும் குறைவு.

தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்கள் தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. மேலேயே மேனுவல் மோடுக்கு மாற்றி, மூன்றாம் கியரில் எஞ்சினைப் பிடிக்க விட்டு இறங்குங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். ஈரம் சேர்ந்த ஆயில் அந்த இறக்கத்தில் கொதித்தால் பெடல் தரைக்குப் போய்விடும்.

பேட்டரி டிக்கியில் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் சும்மா நின்றாலே இறங்கிவிடும். இறங்கினால் டேஷ்போர்டில் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்கெல்லாம் எரியும். ஸ்கேனர் வைக்கும் முன் வோல்டேஜ் பாருங்கள். நிற்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஷெட்டில் ஒரு பேட்டரி மெயின்டெய்னரை நிரந்தரமாகச் சொருகி வையுங்கள். மாந்தோப்பை ஒட்டிய ஷெட் என்றால் எலி வரும், ஒயரைக் கடிக்கும். வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து, எஞ்சின் கவர் அடியில் கூடு இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.