பழைய மைக்ரோமீட்டர்: ஜீரோ சேர்ந்தால் மட்டும் போதாது

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஒரு லேத் பட்டறையை மூடினால் அங்கிருந்த மைக்ரோமீட்டர்கள் (தடிமனை நுட்பமாக அளக்கும் திருகுக் கருவிகள்) பெரும்பாலும் காயலான் கடைக்குத்தான் போய்ச் சேரும். அப்படிக் கிடைத்தது இந்த 0–25 மி.மீ மைக்ரோமீட்டர். லீஸ்ட் கவுன்ட் (ஒரு கோட்டின் அளவு) 0.01 மி.மீ, சாமானைத் தொடும் முகம் கார்பைடு. முகங்கள் முட்டும்போது காட்ட வேண்டிய ஜீரோ இரண்டு கோடு தள்ளியிருந்தது, ஸ்பிண்டிலிலும் (நகரும் தண்டு) லேசான ஆட்டம். சாவி போட்டு ஜீரோவைச் சேர்த்துவிட்டு "சரியா இருக்கு சார்" என்று விற்பது வழக்கம். ஜீரோ என்பது ஒரே ஒரு புள்ளி. அதைத் தாண்டி 25 மி.மீ ஓட்டம் இருக்கிறது.

வாங்கியதும் முன்னும் பின்னும் சுற்றிப் பார்க்காதீர்கள். கிரைண்டிங் தூசி கலந்த பழைய எண்ணெய் மரையைத் தேய்த்துத் தின்னும். முதலில் கழற்றுங்கள்: திறக்கும் பக்கமாக ஒரே ஓட்டமாகச் சுற்றினால் திம்பிளும் (கையால் சுற்றும் கோடு போட்ட உறை) ஸ்பிண்டிலும் சேர்ந்து வெளியே வந்துவிடும். மரையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் நைலான் பிரஷும் கொண்டு, கறுப்பு வருவது நிற்கும்வரை கழுவ வேண்டும். ஸ்பிண்டில் தண்டில் துரு இருந்தால் எண்ணெய் தொட்ட துணி போதும். எமரி தாளைத் தண்டிலோ முகத்திலோ படவே விடாதீர்கள். திரும்பப் பூட்டும்போது மரைக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஏசி போட்ட இன்ஸ்பெக்‌ஷன் அறையில் அது உறைந்துவிடும்.

ஆட்டத்தை எடுக்க, ஸ்லீவின் (மி.மீ கோடுகள் உள்ள, சுற்றாத குழாய்) முனையில் திம்பிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் டேப்பர் நட்டைச் சாவியால் இம்மி இம்மியாக இறுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் 0 முதல் 25 வரை ஓட்டிப் பாருங்கள். இங்கேதான் கருவியின் பழைய வாழ்க்கை தெரியும். ஆண்டுக்கணக்கில் ஒரே அளவுச் சாமானை அளந்த மைக்ரோமீட்டரில் அந்த இடத்து மரை மட்டும் தேய்ந்திருக்கும். அந்த இடத்துக்கு ஏற்ப இறுக்கினால் இரண்டு கோடியிலும் பிடிக்கும், கோடிக்கு ஏற்பத் தளர்த்தினால் நடுவில் ஆடும். அப்படிப்பட்டதற்குச் செலவு செய்ய வேண்டாம். இந்த மைக்ரோமீட்டர் முழு நீளத்துக்கும் ஒரே சீராக ஓடியது.

நட்டைத் தொட்டால் ஜீரோ நகரும், அதனால் ஜீரோ கடைசியில்தான். சுத்தமான வெள்ளைத் தாளை முகங்களுக்கு நடுவே லேசாகப் பிடித்து உருவினால் தூசி போய்விடும். பிறகு ரேட்செட்டில் (அழுத்தம் மிகாமல் நழுவும் கடைசிக் குமிழ்) மூன்று 'கிளிக்'. பிழை 0.01-க்கு மேல் என்றால் ஸ்பிண்டிலை லாக் செய்து, ரேட்செட்டைத் தளர்த்தி, திம்பிளை விடுவித்துத் திருப்ப வேண்டும். மிச்சமிருக்கும் சின்னப் பிழையை ஸ்லீவின் பின்பக்கத் துளையில் சாவியை மாட்டிச் சரிசெய்யலாம்.

இனிதான் உண்மையான சோதனை. 5, 10, 15, 20 என்று ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுள்ள எஃகுக் கட்டை) வைத்துப் பார்ப்பவர்கள் நிறைய. மரையின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 0.5 மி.மீ என்பதால் அந்த அளவுகள் எல்லாவற்றிலும் திம்பிள் ஒரே 0 கோட்டில்தான் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள் ஏறி இறங்கும் பிழை அதில் அகப்படாது. அதற்காகத்தான் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25 என்ற வரிசை. 5.1-ல் திம்பிள் 10-ல் நிற்கும், 7.7-ல் 20, 10.3-ல் 30, 12.9-ல் 40. புதிய நல்ல மைக்ரோமீட்டருக்கு ±0.002 மி.மீ என்று போட்டிருப்பார்கள். இதில் 12.9-ல் மட்டும் ஏறத்தாழ 0.003 கூட வந்தது. பட்டறை வேலைக்குத் தாராளம், பேரிங் உட்காரும் இடத்தை அளக்க யோசிக்க வேண்டும்.

முகத்தில் குழி விழுந்திருந்தால் ஜீரோ சேரும், அளவு பொய்யாகும். விளிம்பு இரண்டும் முட்டிக்கொள்வதால் குழி தெரிவதில்லை. நல்ல பேரிங் குண்டு ஒன்றை நடுவிலும் நாலு ஓரத்திலும் வைத்து அளங்கள். நடுவில் குறைத்துக் காட்டினால் முகம் தேய்ந்திருக்கிறது. அதை லேப்பிங் செய்வது (நுண்பொடியால் தேய்த்துத் தட்டையாக்குவது) வீட்டு வேலை இல்லை.

நம்ம ஊர்ச் சூட்டுக்கு, அளக்கும் முன் கேஜும் மைக்ரோமீட்டரும் ஒரே இரும்புத் தட்டில் ஒரு மணி நேரமாவது சேர்ந்து கிடக்கட்டும். இரண்டும் எஃகு, ஒரே சூட்டில் இருந்தால், அளவுக்கு நிர்ணயித்த 20 டிகிரி இல்லாவிட்டாலும் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். ஃபிரேமை வெறுங்கையில் பிடித்தால் அந்தக் கணக்கு கெடும், ஸ்டாண்டில் மாட்டுங்கள்.

சான்றிதழ் தேவைப்பட்டால் என்.ஏ.பி.எல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபில் கொடுத்து, ஒவ்வொரு புள்ளியின் பிழையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். திருவொற்றியூர், காசிமேடு பக்கம் உப்புக்காற்று என்பதால் முகங்களை ஒன்றோடொன்று முட்டவிட்டு வைக்கக் கூடாது. ஒரு மி.மீ இடைவெளி விட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள்.