படத்தின் பின்பக்கம்

அலமாரியின் மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கச் சொன்னார் பாட்டி. மலேசியாவின் பேராக்கில் ஒரு பழைய தோட்டம், இப்போது பால்மரம் (ரப்பர்) போய் எண்ணெய்ப்பனை வந்துவிட்டது. டின்னுக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகை, இரண்டு அடையாள அட்டைகள், அடியில் துணியில் சுற்றிய ஒரே ஒரு போட்டோ. உள்ளங்கை அளவுதான். வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். ஒருவர் வேட்டி, மற்றவர் அரைக்கால் சட்டை. இரண்டு பேருக்கும் எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை.

"எங்க அண்ணன்" என்று வேட்டி கட்டியவரைத் தொட்டுக் காட்டினார்.

படத்தைத் திருப்பினேன். மங்கலான பென்சில் எழுத்து: "சுபானு வருஷம் வைகாசி. சயாம் போகுமுன்." கீழே ஒரு பெயர்.

சுபானு வைகாசி என்றால் 1943 மே, ஜூன். ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையை விரைந்து முடிக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் திரட்டிய நேரம் அது. காட்டில் மழையும் காலராவும் சேர்ந்து வந்ததும் அப்போதுதான். பாதை அக்டோபரில் முடிந்தது. அண்ணன் திரும்பவில்லை. பாட்டிக்கு அப்போது ஏழெட்டு வயது.

பழைய போர்க்காலப் படங்களைத் தேடிச் சேகரித்துப் பாதுகாப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. போர்ப்படம் என்றதும் துப்பாக்கியும் டாங்கியும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நானும் ஆரம்பத்தில் அவற்றைத்தான் தேடினேன். இன்று என்னைக் கேட்டால், இந்த ஸ்டூடியோ படத்தைவிடப் பெரிய போர்ப்படம் கிடையாது என்பேன்.

அந்த 415 கிலோமீட்டர் பாதையில் 60,000க்கும் அதிகமான நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். 12,000க்கும் மேல் இறந்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு, தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியக் கைதி ஒளித்து வைத்த கேமராவில் எடுத்த படங்களும் தப்பிப் பிழைத்தன. ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. இறந்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்கிறது ஒரு மதிப்பீடு. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று எல்லோரும் அதில் அடக்கம். நான் பார்த்த படங்களில் அவர்கள் கூட்டமாக, தூரத்தில் நிற்பார்கள். கீழே "தொழிலாளர்கள்" என்று ஒரு சொல் மட்டும் இருக்கும். அந்தச் சொல்லுக்குள் இருந்த ஒருவருடைய முகமும் பெயரும் பாட்டியின் டின்னில் இருந்தன.

பின்பக்கத்தின் அருமையை ஒரு தவறு செய்துதான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குடும்பத்தின் ஆல்பம் வந்தது. கறுப்புத் தாளில் மூலைகளைச் செருகி வைத்த படங்கள், ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை மையில் குறிப்பு. ஸ்கேன் சுத்தமாக வர வேண்டும் என்று படங்களை உருவி எடுத்தேன். தாள்களைப் பூச்சி அரித்திருந்தது, தொட்டாலே பொடிந்தது. மற்ற படங்களுக்கும் ராமபாணம் பரவிவிடுமே என்று தூக்கிப் போட்டேன். படங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. அதில் இருப்பவர்கள் யார் என்று சொல்ல ஆளில்லை. அந்தக் குடும்பத்துப் பெரியவரும் அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அந்த உறையைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

அதிலிருந்து எந்த ஆல்பம் வந்தாலும் முதலில் பக்கத்தை அப்படியே முழுதாகப் படமெடுத்துவிடுவேன். அப்புறம்தான் தனிப்படம், முன்னும் பின்னும். எங்கள் ஊர் ஈரப்பதம்தான் பெரிய எதிரி. படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகி, சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்து இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்துவிட்டு விட்டுவிட வேண்டியதுதான். பழைய நெகட்டிவில் காடி வாடை அடித்தால் அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும், அந்தக் கேடு பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். பிள்ளைகள் பாசத்தோடு லேமினேட் செய்து கொண்டுவரும் படங்களைப் பார்க்கும்போதுதான் மனசு கஷ்டப்படும். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ. படங்களின் கதை வேறு. 1945இல் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்தபோது, மகள் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் இருந்தது தெரிந்துவிடுமோ என்று பயந்து படங்களை அடுப்பில் போட்டதாகச் சில வீடுகளில் சொன்னார்கள். ஒரு படத்தில் தோளுக்குக் கீழே சீருடையை மட்டும் கத்தரித்திருந்தார்கள். முகத்தை எரிக்க மனம் வரவில்லை. அந்த வெட்டின் ஓரத்தை நான் சரிசெய்யவில்லை. வெட்டும் சேர்ந்துதான் அந்தப் படம்.

பாட்டியின் படத்தை அங்கேயே, அவர் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்தேன். ஒரே படத்தை வெளியே கொடுத்தனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? துணியை எடுத்துவிட்டு அமிலமில்லாத உறையில் போட்டுக் கொடுத்தேன். அண்ணனின் பெயரை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, அரைக்கால் சட்டைக்காரரைக் காட்டிக் கேட்டேன்.

"அவரு யாரு பாட்டி?"

வெகுநேரம் பார்த்தார். "அண்ணனோட கூட்டாளி. ரெண்டு பேரும் ஒரே லாரியிலதான் ஏறுனாங்க. கெடாப் பக்கம்னு அம்மா சொல்லும். பேரு வாய்க்கு வரலியே தம்பி."

பட்டியலில் அந்த இடத்தில் "கெடாப் பக்கம், பெயர் கேட்க வேண்டும்" என்று எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்து மாநிலமான கெடாவில் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் படத்தின் ஒரு நகலைப் பையில் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.