கஸ்டம்ஸ் ஆபீசர் போலீஸா? நான் மார்க் விட்ட கேள்வி

சிவில் ஜட்ஜ் மெயின்ஸுக்குப் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாதிரித் தேர்வு ஒன்றில், சுங்க அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியத்தில் ஏற்கத்தக்கதா என்று கேட்டிருந்தார்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது, அதனால் சுங்க அதிகாரி போலீஸா இல்லையா என்பதுதான் இதில் விஷயம். ஆஹா, தெரிந்த கேள்வி என்று பர்கத் ராம், ராஜா ராம் ஜெய்ஸ்வால், பட்கு ஜோதி, ரமேஷ் சந்திர மேத்தா என வழக்குகளை வரிசையாகக் கொட்டிவிட்டு வந்தேன். பாதி மார்க்கூட வரவில்லை. பெயர்கள் எல்லாம் சரிதான், ஆனால் ஏன் ஒரு வழக்கில் "போலீஸ்" என்றும் இன்னொன்றில் "போலீஸ் இல்லை" என்றும் வந்தது என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

இதை நான் பிடித்துக்கொண்டது சட்டங்களின் மூல வாசகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான். சுங்கச் சட்டம் 1962-இல் 104-ஆம் பிரிவு கைது செய்யும் அதிகாரம் தருகிறது; கைதானவரை ஜாமீனில் விடுவது போன்றவற்றுக்குக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்குள்ள அதிகாரமும் உண்டு. 108-ஆம் பிரிவில் சம்மன் அனுப்பி வாக்குமூலம் வாங்கலாம். இவ்வளவு இருந்தும் அவர் போலீஸ் இல்லை, ஏனென்றால் அவருடைய முதல் வேலை அரசு வருவாயைக் காப்பது, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் அதிகாரமும் அவருக்கில்லை, புகார்தான் கொடுக்க முடியும். மத்திய கலால் அதிகாரி போலீஸ் இல்லை என்று சொன்ன பட்கு ஜோதி வழக்கின் உயிரே அந்தக் குற்றப்பத்திரிகை விஷயம்தான். ஜெய்ஸ்வால் வழக்கில் பீகார் கலால் சட்டம் அந்த அதிகாரியைப் புலன்விசாரணைக்குக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியாகவே கருதச் சொன்னது, அதனால் அவர் போலீஸ்தான் என்று முடிவு மாறியது.

அப்புறம் 2020-இல் வந்த தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு மாநிலம். நம்ம மாநிலத்து வழக்கு, இதைத் தெரியாமல் போய் உட்காராதீர்கள். போதைப்பொருள் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் அதிகாரம் பெற்ற அதிகாரிகள் போலீஸ் அதிகாரிகளே, அதனால் 67-ஆம் பிரிவில் அவர்கள் வாங்கிய வாக்குமூலத்தை ஒப்புதலாக வைத்துத் தண்டிக்க முடியாது என்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு. இங்கேதான் எனக்குக் குழம்பியது: கஸ்டம்ஸ்காரர் ஒருவரே தங்கத்தைப் பிடித்தால் ஒரு மாதிரி, 53-இன் கீழ் அதிகாரம் பெற்று கஞ்சாவைப் பிடித்தால் வேறு மாதிரி. சீருடையைப் பார்க்காதீர்கள், எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறார் என்று பாருங்கள்.

விடையில், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்கிற பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவோடு நிறுத்திவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 23-ஆம் பிரிவு. ரிமாண்ட் பற்றிக் கேட்டால் தீபக் மகாஜன், 1994. போலீஸ் இல்லாத அதிகாரி கைது செய்து கொண்டுவந்தவரையும் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்யலாம் என்று அதில்தான் இருக்கிறது.

புதிதாகச் சேர்க்க வேண்டியது 2025 பிப்ரவரியில் வந்த ராதிகா அகர்வால் தீர்ப்பு. சுங்க அதிகாரி போலீஸ் இல்லை என்பதை அது மாற்றவில்லை, ஆனால் கைதுக்கு "நம்புவதற்கான காரணம்" பதிவாக வேண்டும், கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டுப்பாடுகளை அவர் மீதும் ஏற்றியது. போன வாரம் இதே கேள்வியை மறுபடி எழுதிப் பார்த்தேன், ஒன்றரைப் பக்கம்தான் வந்தது, அதில் வழக்குப் பெயர்கள் ஐந்தே ஐந்து.